டைனோல 1452 எச்பி, ஸ்ட்ரிப்ல 268 கிமீ: நடுவுல காணாம போன பவர் எங்க போச்சு

பின்னணி

இது ஒரு ஹை பவர் டிராக் ரேஸ் கார்ல, அதாவது ஸ்ட்ரிப்னு சொல்ற நேர் ரோட்டுல 402 மீட்டர் ஓடுற கார்ல நடந்த விஷயம், சம்பந்தப்பட்ட ஆளுங்க பேரு, ஷாப் பேரு எதையும் போடல. டீம்ல என் வேலை டேட்டா லாக், அதாவது கார் சென்சார் எல்லாம் எழுதி வைக்கிற பதிவு, பார்க்கிறது, அதனால இதுல இருக்கிற நம்பர் எல்லாம் லாக்ல இருந்தும் டைம் ஸ்லிப்ல (ரன் முடிஞ்சதும் தர்ற டைம் சீட்டு) இருந்தும் எடுத்தது.

கார் ரியர் வீல் டிரைவ் கூபே. எஞ்சின் டொயோட்டாவோட 2ஜேஇசட் இன்லைன் சிக்ஸ், ஸ்டாக்ல 3 லிட்டர், இதுல ஸ்ட்ரோக்கர் கிட் (பிஸ்டன் ஓடுற தூரத்தை கூட்டுற பார்ட்ஸ்) போட்டு 3.4 லிட்டர் ஆக்கியிருந்தாங்க. ஒத்த பெரிய டர்போ, வேஸ்ட்கேட்டை (டர்போ கொடுக்கிற பிரஷரை அடக்குற வால்வு) சிஓ2 பாட்டில் வச்சு கன்ட்ரோல் பண்றது, டர்போ காத்தை குளிர வைக்க ஐஸ் தண்ணி ஓடுற இன்டர்கூலர், எத்தனால் அதிகமா கலந்த இ85 ஃப்யூல், மூணு எலக்ட்ரிக் ஃப்யூல் பம்ப். கியர்பாக்ஸ் டர்போ 400 ஆட்டோமேட்டிக், அதாவது மூணு கியர், ரேஷியோ 2.48, 1.48, 1.00, முன்னாடி லாக் அப் இல்லாத டார்க் கன்வர்ட்டர், அதாவது எஞ்சின் சுத்துறத ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கொடுக்கிறது, அதனால கொஞ்சம் வழுக்கும். பேட்டரி டிக்கில, அதுக்கு பக்கத்துலயே சர்ஜ் டேங்க்கும் (பம்ப்புக்கு ஃப்யூல் விட்டுப் போகாம பார்த்துக்கிற சின்ன டேங்க்) பம்ப்பும். ஆல்டர்னேட்டரை முன்னாடியே கழட்டியாச்சு, எஞ்சினுக்கு சுமை குறையும்னு. இந்த கடைசி விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஓனர் தான் காசு போடுறவர், ட்யூனர், அதாவது இசியுங்கிற எஞ்சின் கம்ப்யூட்டரை செட் பண்றவர், அனுபவம் உள்ள மனுஷன், எல்லாரும் அண்ணன்னு தான் கூப்பிடுவோம், டிரைவர் வயசுல சின்னவர் ஆனா சீட் டைம் நிறைய உள்ளவர்.

டைனோ நாள்

ரோலர் டைப் இனர்ஷியா டைனோ. வெயிட் தெரிஞ்ச ஒரு பெரிய டிரம்மை கார் எவ்வளவு வேகமா சுத்த வைக்குதுங்கிறத வச்சு பவரை கணக்கு போடுற மெஷின். காரை நாலு பக்கமும் ஸ்ட்ராப் போட்டு கட்டி, மூணாவது கியர்ல, அதாவது 1:1ல, 4500 ஆர்பிஎம்ல ஆரம்பிச்சு 8200 வரைக்கும் முழு த்ராட்டில்ல ஒரு ஓட்டம், அதைத் தான் புல்னு சொல்வோம். ஒவ்வொரு புல்லுக்கும் நடுவுல ஐஸ் மாத்தினாங்க, டயர்ல காத்து 28 பிஎஸ்ஐ, டிக்கி திறந்து பேட்டரிக்கு சார்ஜர் மாட்டியிருந்துச்சு. ஆல்டர்னேட்டர் இல்லாத கார் எது டைனோக்கு வந்தாலும் சார்ஜர் மாட்டுறது வழக்கம், அதனால அதை யாரும் ஒரு விஷயமா நினைக்கல.

38 பிஎஸ்ஐ பூஸ்ட்ல (வெளிக் காத்துக்கு மேல டர்போ தள்ளுற பிரஷர்) கடைசி புல் 1452 எச்பி, வீல்ல. கிராஃப் அழகா இருந்துச்சு, லாம்டா (காத்து ஃப்யூல் கலவை அளவு, கம்மியா இருந்தா ஃப்யூல் அதிகம்) 0.78ல நூல் பிடிச்ச மாதிரி நேரா, ஃப்யூல் பிரஷர் மேனிஃபோல்டை (எஞ்சினுக்குள்ள காத்து போற குழாய்) விட 43.5 பிஎஸ்ஐ அதிகமா ஒரே கோடு. ஓனர் அந்த ஷீட்டை பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

கார் வெயிட் 1290 கிலோன்னு அவர் கையில ஒரு நம்பர் இருந்துச்சு. பவரையும் வெயிட்டையும் வச்சு 402 மீட்டர்ல டிராப் ஸ்பீடு, அதாவது ஃபினிஷ்ல பதிவாகிற வேகம், கணிக்கிற பழைய ஃபார்முலா ஒண்ணு இருக்கு: எச்பியை கிலோவால வகுத்து, அதோட கன மூலம் எடுத்து, சுமார் 289 ஆல பெருக்கினா கிமீல வேகம் வரும். அதை போட்டா 301. டைம் பக்கம் அதே மாதிரி ஃபார்முலா போட்டா 7.3 செகண்டுக்கு கிட்ட. அடுத்த ஈவென்ட்ல ஏழு செகண்ட் கார்னு எல்லாரும் மனசுல எழுதி வச்சாச்சு.

ஸ்ட்ரிப் நாள்

நடந்தது வேற. அன்னிக்கு கிடைச்ச நல்ல ரன் 8.71 செகண்ட், டிராப் ஸ்பீடு 268 கிமீ, முதல் 60 அடிக்கு டைம் 1.48. மத்த ரன் எல்லாம் இதை விட மோசம் இல்லன்னா டயர் சுத்தி பாதில விட்டது.

இதுல ரெண்டு நம்பரையும் தனித்தனியா படிக்கணும், இங்க தான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. இடி, அதாவது மொத்த டைம், லாஞ்ச்சை பொறுத்து நிறைய மாறும், 60 அடில பத்துல ஒரு பங்கு செகண்ட் போச்சுன்னா கடைசில ஒன்றரை பங்கு வரைக்கும் போயிடும். டிராப் ஸ்பீடு அப்படி இல்ல, கடைசி 20 மீட்டர்ல, சரியா சொன்னா 66 அடில, ரெண்டு பீமுக்கு நடுவுல எடுக்கிற சராசரி வேகம் அது, லாஞ்ச் கொஞ்சம் சொதப்பினாலும் பெருசா அசையாது, ஏன்னா அது ரன் முழுக்க காருக்குள்ள எவ்வளவு எனர்ஜி போச்சுங்கிறத காட்டுது. 8.71 வந்ததுக்கு லாஞ்ச்சை குறை சொல்லலாம், 268க்கு லாஞ்ச்சை குறை சொல்ல முடியாது.

அதே ஃபார்முலாவை திருப்பி போட்டா 268 கிமீக்கு எவ்வளவு பவர் வேணும்? வேகம் பவரோட கன மூலமா தான் போகுது, அதனால வேகத்துல பத்து சதவீதம் குறைஞ்சா பவர்ல கிட்டத்தட்ட 27 சதவீதம் குறைவுன்னு அர்த்தம். ஓனரோட 1290 கிலோவை நம்பினா சுமார் 1025 எச்பி. ஷீட்ல 1452. நானூறுக்கு மேல காணோம்.

பிட்ல நடந்த பேச்சு

முதல்ல மாட்டினது டிரைவர் தான், வழக்கம் போல. "தம்பி நடுவுல லிஃப்ட் பண்ணியா?"ன்னு ஓனர் கேட்டார். அவர் "இல்லண்ணா, கால் எடுக்கவே இல்ல"ன்னார். லாக்ல த்ராட்டில் ட்ரேஸ் பார்த்தேன், டிரான்ஸ்பிரேக் (ஸ்டார்ட் வரைக்கும் கியர்பாக்ஸை பூட்டி வைக்கிறது) விட்டதுல இருந்து கடைசி பீம் வரைக்கும் 100 சதவீதம், ஒரு புள்ளி கூட கீழ இறங்கல. அந்த பேச்சு அங்கயே முடிஞ்சுது.

அடுத்து ரெண்டு கட்சி ஆச்சு. ஒரு கட்சி டைனோக்காரன் நம்பரை ஏத்தி கொடுத்துட்டான்னு. இன்னொரு கட்சி டைனோ சரி தான், இன்னும் நாலு பிஎஸ்ஐ பூஸ்ட் ஏத்தினா சரியாயிடும்னு. ரெண்டாவது யோசனை அன்னிக்கு சாயங்காலமே நடந்திருக்கும், ட்யூனர் தான் ஒத்துக்கல. அவர் சொன்ன காரணம் எனக்கு பிடிச்சுது: இருக்கிற 38ல என்ன நடக்குதுன்னே தெரியல, அதுக்குள்ள 42 வச்சு என்னத்த கத்துக்கப் போறோம். இந்த பவர்ல தெரியாம ஏத்துற பூஸ்ட் பிஸ்டன்ல போய் முடியும். காரை ட்ரெய்லர்ல ஏத்தியாச்சு.

எடுத்த முடிவு: காணாம போன பவரை மூணு கூடையா பிரிக்கிறது. ஒண்ணு, டைனோ நம்பர் காகிதத்துலயே அதிகமா இருந்ததால வந்த வித்தியாசம். ரெண்டு, ஸ்ட்ரிப்ல எஞ்சினே அந்த பவரை பண்ணாம விட்டது. மூணு, எஞ்சின் பண்ணியும் ரோட்டுக்கு வந்து சேராம போனது. மூணுக்கும் மருந்து வேற வேற, கலந்து பேசினா பேசிக்கிட்டே இருக்கலாம்.

காகிதத்துல இருந்த வித்தியாசம்

முதல்ல தராசு. கார், டிரைவர், ஹெல்மெட், சூட், ஃப்யூல், ஐஸ் தண்ணி எல்லாத்தோட நாலு வீலுக்கும் ஸ்கேல் வச்சு நிறுத்தினா 1370 கிலோ. அந்த 1290 எப்பவோ டிரைவர் இல்லாம எடுத்தது. இந்த வெயிட்டை வச்சு திருப்பி கணக்கு போட்டா 268 கிமீக்கு சுமார் 1090 எச்பி. ஒரு பைசா செலவு இல்லாம அறுபத்தஞ்சு எச்பி கண்டுபிடிச்சாச்சு.

அப்புறம் டைனோ ஷீட். பிரிண்ட்ல கீழ ஓரமா சின்ன எழுத்துல எஸ்டிடி, 1.09ன்னு இருந்துச்சு. அதாவது மெஷின் அளந்த பவரை 1.09 ஆல பெருக்கி தான் 1452ன்னு காட்டியிருக்கு. டைனோக்காரர்கிட்ட ரன் ஃபைல் கேட்டோம், மறுக்காம கொடுத்தார், கரெக்‌ஷன் இல்லாம பார்த்தா 1332.

இந்த கரெக்‌ஷன் ஏமாத்து வேலை இல்ல, இதை சொல்லிடணும். ஒரு எஞ்சினை வெயில்ல ஒரு ஊர்லயும் குளிர்ல ஒரு ஊர்லயும் ஏத்தினா ரெண்டையும் ஒப்பிட ஒரு பொது அளவு வேணும், அதுக்கு தான் அது. எஸ்டிடிங்கிற பழைய அளவு 15.5 டிகிரி காத்துக்கும் கடல் மட்ட பிரஷருக்கும் கணக்கு போடும், எஸ்ஏஇ ஜே1349 25 டிகிரிக்கும் 99 கிலோபாஸ்கல் உலர் காத்துக்கும் போடும், அதனால எஸ்டிடி எப்பவும் மூணு நாலு சதவீதம் அதிகமா காட்டும். பிரச்சனை என்னன்னா டைனோல போடுற இந்த கணக்கு டர்போ இல்லாத எஞ்சினுக்கு தான் நல்லா பொருந்தும். வெளிய காத்து லேசா இருந்தா டர்போ இல்லாத எஞ்சின் நேரா பவர் இழக்கும். டர்போ எஞ்சின்ல இசியு மேனிஃபோல்ட் பிரஷரை பார்த்து பூஸ்ட்டை பிடிச்சு வைக்குது, காத்து லேசா இருந்தா டர்போ கொஞ்சம் வேகமா சுத்தி அதே பிரஷரை கொடுத்துடும், அதனால இழக்காத பவரை கரெக்‌ஷன் சேர்த்து கொடுத்துடுது. டர்போ இருந்தா முதல்ல கரெக்‌ஷன் இல்லாத நம்பரை கேளுங்க.

1332ஐயும் 1370 கிலோவையும் வச்சு ஃபார்முலா போட்டா 287 கிமீ. ஆக 301ங்கிற எதிர்பார்ப்பு, யாரும் ஸ்பேனரை தொடாமலே 287 ஆச்சு. இன்னும் 19 கிமீ பாக்கி, பவர்ல சொன்னா சுமார் 18 சதவீதம். இங்க ஒரு எச்சரிக்கை, அந்த 289ங்கிற நம்பர் எல்லா காருக்கும் அப்படியே பொருந்தாது, பாடி ஷேப், கியரிங் எல்லாம் அதை அசைக்கும். ஒரே காரை அதே காரோட ஒப்பிடத் தான் நாங்க அதை நம்பினோம்.

லாக்ல என்ன தெரிஞ்சுது

டைனோ லாக்கையும் ஸ்ட்ரிப் லாக்கையும் ஒரே ஸ்க்ரீன்ல, டைம் வச்சு இல்லாம ஆர்பிஎம் வச்சு, மூணாவது கியர் பகுதியை மட்டும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டோம். டைம் வச்சு பார்த்தா ரெண்டும் வேற வேற உலகம், ஒண்ணும் புரியாது.

சந்தேக லிஸ்ட்ல முதல் ஆள் டார்க் கன்வர்ட்டர். ட்யூனருக்கு அது மேல தான் கண்ணு, "கன்வர்ட்டர் தான் தின்னுது பாரு"ன்னார். கணக்கு சுலபம், மூணாவது கியர் 1:1, அதனால எஞ்சின் ஆர்பிஎம்முக்கும் டிரைவ் ஷாஃப்ட் ஆர்பிஎம்முக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க கன்வர்ட்டர் ஸ்லிப். ஸ்ட்ரிப்ல கடைசில எஞ்சின் 7850, ஷாஃப்ட் 7000, அதாவது கிட்டத்தட்ட 11 சதவீதம். அதிகம் தான், நல்லா செட் பண்ண கன்வர்ட்டர்ல இதை விட கம்மியா பார்க்கலாம். ஆனா டைனோ லாக்ல அதே கணக்கை போட்டா அங்கயும் 10 சதவீதம். டைனோ வீல்ல அளக்குது, அப்போ அந்த நஷ்டம் 1332க்குள்ளயே கழிஞ்சிருக்கு. கன்வர்ட்டர் மாத்தினா ரெண்டு நம்பரும் ஏறும், நடுவுல இருக்கிற ஓட்டை அப்படியே தான் இருக்கும். வாங்க இருந்த புது கன்வர்ட்டரை இந்த ஒரு ஒப்பீடு நிறுத்துச்சு.

அடுத்தது டயர். டிரைவ் ஷாஃப்ட் வேகத்தையும் முன் வீல் வேகத்தையும் ஒப்பிட்டா முதல் நூறு மீட்டர்ல நல்லாவே சுத்தியிருக்கு, அது இடியை தின்னது உண்மை, ஆனா ரெண்டாவது பாதில பிடிச்சுக்கிச்சு. அதனால டிராப் ஸ்பீடுக்கு அது பெரிய பதில் இல்ல.

அப்புறம் தான் பூஸ்ட் ட்ரேஸ். ரெண்டாவது கியர்ல பாதி வரைக்கும் 38, அங்க இருந்து மெதுவா சரிஞ்சு மூணாவது கியர்ல 30. திடீர்னு வெட்டு விழல, மிஸ்ஃபயர் இல்ல, சத்தம் இல்ல, அதனால உள்ள உக்காந்த டிரைவருக்கு ஒண்ணுமே தெரியல. மேனிஃபோல்டுக்குள்ள மொத்த பிரஷரா பார்த்தா 52ல இருந்து 44, 15 சதவீதம் போச்சு. தேடிட்டு இருந்தது கிட்டத்தட்ட அங்க உக்காந்திருந்துச்சு.

ஏன் சரிஞ்சுது? இசியு தானா இறக்கியிருக்கு. லாம்டா 0.78ல இருந்து 0.86க்கு போனதும், ட்யூனர் எழுதி வச்ச எஞ்சின் புரொடெக்‌ஷன் முதல் ஸ்டேஜ் வேலை செஞ்சு பூஸ்ட் டார்கெட்டை குறைச்சிருக்கு. அது இல்லன்னா இந்த நிகழ்வு ஆய்வு வேற மாதிரி இருந்திருக்கும், உடைஞ்ச பிஸ்டன் போட்டோவோட. லாம்டா ஏன் லீன் ஆச்சு, அதாவது ஃப்யூல் ஏன் பத்தல, இன்ஜெக்டர் டியூட்டி (திறந்திருக்கிற நேரம்) 98 சதவீதம் போயிடுச்சு, இதுக்கு மேல திறக்க வழி இல்ல. டியூட்டி ஏன் ஏறுச்சு, ஃப்யூல் பிரஷர் வித்தியாசம் 43.5ல இருந்து 31க்கு இறங்கியிருக்கு. அது ஏன்னு லாக்ல பார்த்தா பேட்டரி வோல்ட். டைனோல 14.4, ஸ்ட்ரிப்ல மூணாவது கியர்ல 12.3.

சங்கிலி மொத்தமும் தெரிஞ்சுது: சார்ஜர் இல்ல, ஆல்டர்னேட்டர் இல்ல, பர்ன் அவுட் (டயரை சுத்தி சூடாக்குறது), ஸ்டேஜிங் (ஸ்டார்ட் லைன்ல வந்து நிக்கிறது)னு சில நிமிஷம் பேட்டரி தனியா எல்லாத்தையும் இழுக்குது, பம்ப் மூணும் சேர்ந்தே 50 ஆம்பியருக்கு மேல, அதோட இக்னிஷன், ஃபேன், ஐஸ் தண்ணி பம்ப். ரன் ஆரம்பிக்கும் போதே பேட்டரி களைச்சு போச்சு.

கணக்குக்கும் ஒத்து வருது. வீல்ல 1330ன்னா கிராங்க்ல, அதாவது எஞ்சின் வாசல்லயே, 1550 கிட்ட, இ85ல அதுக்கு மணிக்கு ஏறக்குறைய 770 லிட்டர் வேணும், பெட்ரோலை விட இதுக்கு அளவு ரொம்ப அதிகம். பம்ப்பு தள்ள வேண்டிய பிரஷர் 43.5 கூட்டல் 38, எண்பதுக்கு மேல. பம்ப் பெட்டில போட்டிருக்கிற லிட்டர் எல்லாம் கம்மி பிரஷர்ல அளந்தது, எண்பது பிஎஸ்ஐல அது பாதி கிட்ட வந்துடும், வோல்ட்டும் குறைஞ்சா இன்னும் கீழ. டைனோல சார்ஜரோட தாங்கின அதே மூணு பம்ப் ஸ்ட்ரிப்ல தாங்கல.

ஒரு சின்ன விஷயம், டைனோல வரவே வராதது. கார் முன்னாடி பாயும் போது லைன்ல இருக்கிற ஃப்யூல் பின்னாடி தள்ளும். டிக்கில இருந்து எஞ்சின் வரைக்கும் 3 மீட்டர் லைன்னு வச்சா ஒரு ஜி ஆக்சிலரேஷனுக்கு சுமார் 3.3 பிஎஸ்ஐ, அதை பம்ப் தான் கூடுதலா சுமக்கணும். லாஞ்ச்ல ஜி அதிகம் ஆனா ஃப்யூல் தேவை கம்மி, கடைசில தேவை அதிகம் ஆனா ஜி முக்கால் கிட்ட இறங்கிடும், அதனால இங்க ரெண்டு ரெண்டரை பிஎஸ்ஐ தான். தனியா இது பிரச்சனை இல்ல, ஏற்கனவே மூச்சு வாங்குற பம்ப்புக்கு மேல வந்து உக்காருது.

மறுபடி டைனோ, ஆனா ஸ்ட்ரிப் மாதிரி

இங்க எடுத்த முடிவு தான் மொத்த கதைலயும் உருப்படியானதுன்னு நான் நினைக்கிறேன். லாக்ல பார்த்தது போதும்னு நேரா சரி பண்ண போகாம, முதல்ல அதே தப்பை டைனோல வர வைக்கலாம்னு ட்யூனர் சொன்னார். வந்துச்சுன்னா காரணம் உறுதி, வரலன்னா இன்னும் எதையோ விட்டிருக்கோம். ஓனருக்கு இன்னொரு டைனோ நாள் காசு கொடுக்க மனசே இல்ல. "அதான் தெரிஞ்சு போச்சேண்ணா, அப்புறம் எதுக்கு?"ன்னார். தெரிஞ்சது லாக்ல தான், நிரூபிக்கலன்னு சொல்லி ஒத்துக்க வச்சோம்.

முதல் புல் சார்ஜரோட, கரெக்‌ஷன் இல்லாம 1326, பழைய 1332க்கு பக்கத்துல, அதனால மெஷின் மாறல எஞ்சினும் மாறல. அப்புறம் சார்ஜரை கழட்டி, எல்லா பம்ப்பும் ஃபேனும் ஓட விட்டு, பர்ன் அவுட்லயும் ஸ்டேஜிங்லயும் போற நேரம் அளவுக்கு ஐடில்ல நிறுத்தி, அப்படியே புல். லாம்டா 0.88 தாண்டினா உடனே விட்டுடணும்னு முன்கூட்டியே பேசி வச்சோம். 7000க்கு மேல ஃப்யூல் பிரஷர் இறங்குச்சு, பூஸ்ட் 30க்கு வந்துச்சு, பீக் 1140. ஸ்ட்ரிப் ஸ்பீடுல இருந்து கணக்கு போட்டது 1090. அதுக்கு மேல யாரும் டைனோக்காரரை பத்தி பேசல.

அன்னிக்கே மல்டிமீட்டரை பேட்டரில ஒரு முனை, பம்ப் கனெக்டர்ல ஒரு முனை வச்சு ஓட விட்டு பார்த்தா நடுவுல மட்டும் 0.9 வோல்ட் போகுது. இசியு காட்டுற 12.3 அதுக்கு வர்ற வோல்ட், பம்ப்புக்கு போய் சேர்றது 11.4 தான். ரிலே சாக்கெட்டை கழட்டினா ஒரு டெர்மினல் மட்டும் பழுப்பு நிறத்துல, சுத்தி இருந்த பிளாஸ்டிக் லேசா உருகி, ரிலேயோட கால் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஒயரும் அந்த கரன்ட்டுக்கு மெலிசு.

சரி பண்ணது, ஏன் அப்படி

மூணு வழி இருந்துச்சு. எஞ்சின்ல இருந்து பெல்ட்ல ஓடுற மெக்கானிக்கல் ஃப்யூல் பம்ப், 16 வோல்ட் பேட்டரி, இல்ல ஆல்டர்னேட்டரை திரும்ப மாட்டுறது. மெக்கானிக்கல் பம்ப் தான் இந்த பவருக்கு நிரந்தர பதில், அதுல யாருக்கும் கருத்து வேறுபாடு இல்ல, ஆனா அது வந்தா லைன், ரெகுலேட்டர், ஃப்யூல் மேப்னு மொத்தமும் மாறும், அப்புறம் வேகம் ஏறினா எதனால ஏறுச்சுன்னு சொல்ல முடியாது. 16 வோல்ட்டுக்கு மத்த எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தாங்குமான்னு ஒவ்வொண்ணா பார்க்கணும். அதனால ஆல்டர்னேட்டர்.

ஓனர் முகம் சுளிச்சார், பவர் போயிடுமேன்னு. கணக்கு போட்டு காட்டினோம்: 100 ஆம்பியர், 14 வோல்ட்னா 1400 வாட், அது ரெண்டு எச்பிக்கும் கம்மி, பெல்ட் நஷ்டம், ஆல்டர்னேட்டரோட சூடு எல்லாம் சேர்த்தா மூணு நாலு எச்பி. அந்த மூணு நாலை மிச்சம் பிடிக்க தான் இருநூறுக்கு கிட்ட போயிருக்கு.

அதோட ஒவ்வொரு பம்ப்புக்கும் தனி ரிலே, பேட்டரில இருந்து நேரா கனமான ஒயர், எர்த் ஒயரும் பாடிக்கு போகாம பேட்டரிக்கே. பம்ப் கனெக்டர் வோல்ட்டை தனி சேனலா லாக்ல சேர்த்தோம். புரொடெக்‌ஷன் வேலை செஞ்சா டேஷ்ல மஞ்சள் லைட் எரியும். பூஸ்ட், டைமிங், லாஞ்ச் எதையும் தொடல.

அடுத்த ஈவென்ட்

38 பிஎஸ்ஐ கடைசி வரைக்கும் நின்னுச்சு, பம்ப்ல வோல்ட் 13.6க்கு கீழ போகல, பிரஷர் வித்தியாசம் 42க்கு மேலயே இருந்துச்சு. டிராப் ஸ்பீடு 281 கிமீ, இடி 8.38, 60 அடி 1.46.

281க்கு அதே ஃபார்முலால சுமார் 1254 எச்பி. 1332க்கு இன்னும் ஆறு சதவீதம் பாக்கி. இந்த பாக்கியை நாங்க தேடல, ஏன்னா இது அப்படித் தான் இருக்கணும்: ஷீட்ல வர்றது பீக், ஒரே ஒரு ஆர்பிஎம்ல. ஸ்ட்ரிப்ல ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஆர்பிஎம் கீழ விழுந்து திரும்ப ஏறணும், கன்வர்ட்டர் கொஞ்சம் தாங்கி பிடிச்சாலும் ஆறாயிரத்து சொச்சத்துல இருந்து தான் மறுபடி தொடக்கம், அங்க கிராஃப்ல பவர் ரொம்ப கம்மி. டைனோல மூணாவது கியர்ல ஏழு செகண்டுக்கு கிட்ட போகுது, டர்போ ஆற அமர ஸ்பூல் ஆகும், அதாவது சுத்தி வேகம் பிடிக்கும். ஸ்ட்ரிப்ல முதல் கியர் ரெண்டு செகண்ட் கூட இல்ல, அதுலயும் டயர் தாங்கணும்னு நாமளே பூஸ்ட்டை அடக்கி வைக்கிறோம். சராசரி பவர் தான் காரை தள்ளுது. டாப் ஃப்யூல்ங்கிற உச்ச வகை டிராக் ரேஸ் கார்ங்களை பாருங்க, 11,000 எச்பின்னு சொல்றாங்க, அது யாரும் சாதா ரோலர்ல கட்டி வச்சு எடுத்த நம்பர் இல்ல.

வெதர் பத்தி ஒரு வரி. முதல் ஈவென்ட் ரன் மத்தியானம், ரெண்டாவது இருட்டின பிறகு, காத்து குளிர்ச்சி. டர்போ கார்ல இது கம்மியா தான் காட்டும், ஆனா இன்டேக் டெம்பரேச்சர் இறங்கியிருந்துச்சு, அதனால ஏறின 13 கிமீயும் வயரிங்கால தான்னு சொல்ல மாட்டேன்.

இப்ப மாத்தி செய்யறது

டைனோக்கு போனா முதல் புல்லும் கடைசி புல்லும் சார்ஜர் இல்லாம, ஐடில்ல காத்திருந்து. ஷீட்ல கரெக்‌ஷன் இல்லாத நம்பர் தான் எங்க நோட்ல ஏறும், கூடவே பீக்குக்கு பதிலா 6000ல இருந்து 8200 வரைக்கும் சராசரி. வெயிட் ஒவ்வொரு ஈவென்ட்லயும் டிரைவரோட. ரன் முடிஞ்சதும் முதல்ல பார்க்கிறது பூஸ்ட் டார்கெட்டும் உண்மையான பூஸ்ட்டும் ஒண்ணா போகுதாங்கிறது, ரெண்டாவது பம்ப் வோல்ட், அதுக்கு அப்புறம் தான் டைம் ஸ்லிப் பத்தி பேச்சு.

281ல ஓடுற காருக்கு ஃபார்முலா கொடுக்கிற இடி 7.8 கிட்ட, எங்களுக்கு வந்தது 8.38. அந்த அரை செகண்டுக்கு மேல உள்ளது பவர்ல இல்ல, முதல் நூறு மீட்டர்ல இருக்கு. ஓனர் இன்னும் 42 பிஎஸ்ஐ கேட்டுட்டு தான் இருக்கார். பின் ஷாக் செட்டிங்கையும் முதல் கியர்ல பூஸ்ட்டை படிப்படியா ஏத்துற ரேம்ப்பையும் முடிச்சு 60 அடி 1.3க்கு கிட்ட வரட்டும், மெக்கானிக்கல் பம்ப்பும் மாட்டட்டும், அது வரைக்கும் 38 தான்னு ட்யூனர் சொல்லிட்டார்.